‘மனசுல பசை இல்லாதவ’: பசையா, பாசமா?

மெய்ப்புமேசை:

வணக்கம். ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர் எண்பதை நெருங்கும் தென்மாவட்டத்துக்காரர். ஒரு கதையில் கிராமத்துப் பெண் ஒருத்தி தன் மதினியைப் பற்றிச் சொல்கிறாள்: “அவ மனசுல பசை இல்லாதவ.” என்னோடு வேலை பார்க்கும் தம்பி இதைத் தட்டச்சுப் பிழை என்று எடுத்துக்கொண்டு ‘பாசம் இல்லாதவ’ என்று மாற்றியிருக்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பசை என்றால் ஒட்டுகிற பொருள், இல்லாவிட்டால் பணம். மனசில் எப்படிப் பசை இருக்கும்?

அந்த வரி இருந்தபடியே இருக்கட்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் எனக்குப் படுகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு திருத்தத்தை நீக்க முடியாது. உங்கள் ஊரில் இந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது? பழைய நூல்களில் இந்தப் பொருளுக்கு இடம் உண்டா?

சிவகாசி பைண்டர்:

எனக்குப் பசை என்றால் தினமும் கையில் இருப்பது. மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, இளம் தீயில் வைத்து, கையை எடுக்காமல் கிண்டவேண்டும். கை நின்றால் அடியில் கட்டி தட்டும். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு வரும்போது இறக்கிவிட வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கொஞ்சம் சேர்ப்போம். அதனால்தான் எங்கள் பசைக்கு ஒரு நீலச் சாயல். இரண்டு நாள் போனால் புளித்து நீர்த்துவிடும், அப்புறம் அது எதையும் பிடிக்காது.

மனசில் பசை என்று எங்கள் பட்டறையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ‘கையில பசை இல்ல’ என்பது மட்டும் வாரக் கடைசியில் எல்லார் வாயிலும் வரும்.

நிலைமொழி:

திருத்தத்தை உடனே நீக்குங்கள் அம்மா. இந்தப் பொருளுக்குத் திருக்குறளே சாட்சி. குறிப்பறிதல் அதிகாரம், 1098:

“அசையியற்கு உண்டாண்டோர் ஏஎர்யான் நோக்கப்
பசையினள் பைய நகும்.”

நான் பார்க்கும்போது அவள் பசையினளாகி மெல்லச் சிரித்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு தனி அழகு வந்தது என்கிறான் தலைவன். அங்கே பசையினள் என்றால் மனம் நெகிழ்ந்தவள், அன்புடையவள். பணக்காரி என்றோ பிசுபிசுப்பானவள் என்றோ யாரும் பொருள் சொல்லவில்லை. அதுவரை விலகி நிற்பதுபோல் காட்டிக்கொண்டிருந்தவளின் உள்ளம் ஒரு பார்வையில் இளகுகிறது. அந்த இளக்கத்துக்கு வள்ளுவர் வைத்த பெயர் பசை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனிலும் (1924 முதல் 1936 வரை தொகுதிகளாக வந்தது) ஒட்டும் பொருளோடு ஈரம், சாரம், அன்பு, செல்வம் எல்லாம் பசைக்குப் பொருளாக இருக்கின்றன. உங்கள் எழுத்தாளரின் மதினி நல்ல பழைய தமிழில்தான் திட்டு வாங்கியிருக்கிறாள்.

தறிவீடு:

ஐயா சொன்னதைப் படித்ததும் எங்கள் வீட்டுப் பேச்சு ஞாபகம் வந்தது. நாங்கள் கைத்தறிக் குடும்பம். பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போடுவதைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன், விஷயத்துக்குத் தேவைப்படும்.

விடியற்காலையில் தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியில் தோய்த்து, பெரிய பிரஷ்ஷால் ஒரே திசையில் நீவிக்கொண்டே போவார்கள். நூலின் மேல் சிலிர்த்து நிற்கும் பிசிறு எல்லாம் படிந்துவிடும். இது செய்யாத நூல் தறியில் அச்சிலும் விழுதிலும் உரசி உரசி அறுந்துபோகும். கஞ்சியில் கொஞ்சம் எண்ணெயும் விடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும், ரொம்பக் காய்ந்தால் நூல் மொடமொடவென்று ஆகிவிடும்.

இப்போது கவனியுங்கள். கஞ்சி சரியாக ஏறாவிட்டாலும் எங்கள் அப்பா ‘நூல்ல பசை இல்ல’ என்பார். கஞ்சி நன்றாக ஏறி, கோடையில் காற்று வறண்டு நூல் படபடவென்று அறுந்தாலும் அதே ‘பசை இல்ல’தான். முதலாவது ஒட்டும் கஞ்சி. இரண்டாவது வெறும் ஈரம். குழித்தறி பள்ளத்தில் இருப்பதற்கு ஒரு காரணமே தரையின் குளிர்ச்சி நூலுக்குக் கிடைக்கட்டும் என்பதுதான். இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்று நினைத்த மனிதருக்கு, மனசுக்கும் அதே சொல் போதுமே.

தலையங்கம்:

நான் நாளிதழில் வேலை பார்த்தவன். பசை என்றால் எங்கள் மேசையில் பணம்தான். அமைச்சரவை மாறும் ஒவ்வொரு முறையும் ‘பசையான இலாகா’ யாருக்கு என்று எழுதாத பத்திரிகை உண்டா? கல்யாணத் தரகரும் ‘பசையான இடம்’ என்பார். ஆகவே, ஒட்டும் பொருள் முதலில், அது கையில் ஒட்டுவதால் பணம் பிறகு, இப்படித்தான் பொருள் வளர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். அன்பு என்ற பொருள் செய்யுளோடு நின்றுபோனது. இன்று படிப்பவனுக்குப் புரியாத பொருளை அச்சில் வைத்து என்ன பயன்? திருத்திய தம்பி வாசகனின் பக்கம் நிற்கிறார்.

நிலைமொழி:

தலையங்கம் ஐயா, வரிசையைத்தான் நான் மறுக்கிறேன். ஒட்டும் பொருள் முதலில் என்று ஏன் வைக்க வேண்டும்? தறிவீட்டுத் தம்பியின் அப்பா சொன்னதைப் பாருங்கள். ஈரப்பசை என்கிறோம், எண்ணெய்ப்பசை என்கிறோம். முகத்தில் எண்ணெய்ப்பசை என்றால் முகம் எதையாவது ஒட்டுகிறதா? நிலத்தில் ஈரப்பசை இருக்கிறதா என்று மண்ணை உருட்டிப் பார்ப்பவன் எதை ஒட்டப் பார்க்கிறான்? இங்கெல்லாம் பசை என்பது வறண்டுபோகாமல் உள்ளே தங்கியிருக்கும் செழிப்பு. அதிலிருந்துதான் எல்லாம் கிளைத்திருக்கிறது என்பது என் கருத்து. ஈரமும் சாரமும் உள்ள பொருள் ஒட்டும், அது பசை. அப்படிப்பட்ட குடும்பம் வளமாக இருக்கும், அது பசை. அப்படிப்பட்ட மனம் இளகும், அதுவும் பசை.

ஈரம் என்ற சொல்லும் இதே பாதையில் போனதுதானே? ‘நெஞ்சில ஈரம் இல்லாதவன்’ என்று இன்றைக்கும் சொல்கிறோம். இன்சொல்லை ‘ஈரம் அளைஇ’ என்று வள்ளுவர் சொன்னது 91ஆம் குறளில். அங்கே ஈரம் என்றால் அன்பு. இதைப் பிழை என்று யாரும் திருத்துவதில்லை.

சிவகாசி பைண்டர்:

ஐயா, தொழில் தெரிந்தவன் என்ற முறையில் ஒரு கேள்வி. பசை ஈரமாக இருக்கும்போது ஒட்டுவது ஒட்டே இல்லை. தாள் வழுக்கும், நகரும், இழுத்தால் வந்துவிடும். காய்ந்த பிறகுதான் பிடிப்பு. அட்டை போட்ட புத்தகத்தை அழுத்துப் பொறியில் வைத்து ராத்திரி முழுக்க விடுவது எதற்கு? ஈரம் போகத்தான். ஈரம்தான் மூலம் என்றால் இது இடிக்கிறதே.

நிலைமொழி:

நல்ல கேள்வி. நீங்களே இன்னொரு விஷயமும் சொல்லுங்கள். காய்ந்த தாளில் பசையைத் தடவி அந்த நொடியே வைத்து அழுத்துவீர்களா?

சிவகாசி பைண்டர்:

மாட்டோம். தடவிவிட்டுக் கொஞ்சம் ஊற விட வேண்டும். தாள் ஈரத்தைக் குடித்து விரிந்து தளர்ந்த பிறகுதான் அட்டையில் வைப்போம். அவசரப்பட்டு வைத்தால் பிறகு விரிந்து சுருக்கம் விழும், ஓரம் தூக்கும். சரி, ஐயா எங்கே வருகிறார் என்று புரிகிறது. முதலில் தாள் இளகணும், பிறகுதான் பிடிப்பு. ஆனாலும் காய்தல் இல்லாமல் வேலை முடியாது என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஓசூர்வாசி:

பக்கத்து மொழிகளைப் பார்த்தால் இந்த வழக்கு பாதி தீர்ந்துவிடும். எங்கள் ஊரில் மூன்று மொழி காதில் விழும், அதனால் சொல்கிறேன்.

மலையாளத்தில் ‘பச’ என்றால் ஒட்டும் பசைதான். கன்னடத்தில் ‘பசெ’ என்றால் ஈரம், ஈரப்பசை. பயத்திலோ தாகத்திலோ தொண்டை வறண்டுபோவதைத் தொண்டையின் பசெ ஆறிவிட்டது என்று சொல்வார்கள். தெலுங்கில் ‘பஸ’ என்றால் சாரம், சத்து, வலு. ஒருவரின் பேச்சில் ‘பஸ லேது’ என்றால் சரக்கு இல்லை என்று அர்த்தம். ஒரே குடும்பத்துச் சொல் ஓரிடத்தில் ஒட்டாகவும், ஓரிடத்தில் ஈரமாகவும், ஓரிடத்தில் சாரமாகவும் நிற்கிறது. தமிழில் மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. வெறும் ஒட்டிலிருந்து தொடங்கினால் தெலுங்கின் சாரத்துக்கு எப்படிப் போய்ச் சேர்வது? ஈரமும் சாரமும் நடுவில் இருந்தால் எல்லாப் பக்கமும் வழி இருக்கிறது. நான் நிலைமொழி ஐயா கட்சி.

வல்லைவெளி:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. நீங்கள் உரம் எண்டு சொல்லுறதை நாங்கள் பசளை எண்டுதான் சொல்லுவம். கூட்டுப்பசளை, இலைப்பசளை, யூரியாப் பசளை. அரசாங்கப் பத்திரங்களிலும் பசளை மானியம் எண்டுதான் வரும். எங்கட காதுக்குப் பசையும் பசளையும் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள். ரெண்டிலயும் கேக்கிறது கொழுப்பும் செழிப்பும்தான். ஓசூர் அண்ணை சொன்ன சாரம் எண்ட பொருள் எங்களுக்குப் புதுசாத் தெரியேல்ல.

குறிஞ்சிமலர்:

அப்படியானால் சங்க இலக்கியத்தில் வரும் பசலையும் பசையிலிருந்து வந்ததா? காதல் சம்பந்தப்பட்டதுதானே அதுவும்?

நிலைமொழி:

இல்லை அம்மா. பசலை, பசப்பு எல்லாம் பசுமையோடு சேர்ந்தவை. பிரிவில் மேனியின் நிறம் மாறுவதைச் சொல்வது. பசை வேறு. காதலில் ஒன்று தோலுக்கு வருகிறது, மற்றது உள்ளத்துக்கு வருகிறது.

பலகைப்படம்:

தஞ்சாவூர் ஓவியம் செய்கிறவர்கள் பலகையில் துணியை ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசைதான் வழக்கம். கொட்டையின் சிவப்புத் தோலை நீக்கி, உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பை ஊறவைத்து அரைத்துக் காய்ச்ச வேண்டும். மைதாப் பசையைவிட இழுவை அதிகம். தச்சு வேலையில் முன்பு வஜ்ஜிரம் என்ற ஒன்று இருந்தது. விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை, கட்டியாகக் கிடைக்கும். சூடு ஆறுவதற்குள் பூசிவிட வேண்டும். 1959இல் வந்த ஃபெவிகால் அந்த வேலையையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் வஜ்ரலேபம் என்று ஒட்டுப்பொருள் செய்முறைக்கே ஓர் அத்தியாயம் இருக்கிறது. வைரம்போல் உறுதியானது என்பதற்காக அந்தப் பெயர்.

சொல்ல வந்தது இதுதான். வஜ்ஜிரம் என்பது கடினத்தைச் சொல்லும் பெயர். ஒட்டும் பொருள் என்பதற்காகவே எதையும் அன்புக்கு உவமை ஆக்கிவிட முடியாது. ‘மனசுல வஜ்ஜிரம் இல்லாதவ’ என்று யாராவது சொல்வார்களா? ‘பிசின் இல்லாதவ’ என்பார்களா? பசைக்கு மட்டும் அந்த இடம் கிடைத்திருக்கிறது என்றால் அதற்குள் ஒட்டைத் தவிர வேறு ஒன்று இருக்கிறது.

தலையங்கம்:

பிசின் என்றதும் பிசினாறி ஞாபகம் வருகிறது. அவன் கஞ்சன். பசையுள்ளவன் பணக்காரன், பிசின் உள்ளவன் கஞ்சன். இரண்டும் ஒட்டும் பொருள்தான். கையில் வந்தது ஒட்டிக்கொள்கிறது, விடுவதில்லை. இது என் வாதத்துக்குத்தானே வலு?

ஓசூர்வாசி:

பிசினாறியில் இருப்பது மரத்துப் பிசின் என்று உறுதியாகச் சொல்ல முடியாது சார். வடமொழியில் பிசுனன் என்றால் கோள் சொல்பவன். அது தமிழுக்கு வந்தபோது கஞ்சன் என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. பிசுனன், பிசுனாறி என்ற வடிவங்களைப் பார்த்தால் அங்கிருந்து வந்து, ஒலி ஒப்புமையால் பிசினோடு கலந்திருக்கலாம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

தலையங்கம்:

இருக்கலாம். பிசினாறியை விடுகிறேன், பணத்தை விட மாட்டேன். ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லாப் பணக்காரனையும் பசையுள்ளவன் என்பதில்லை. நமக்கு அங்கிருந்து ஏதாவது வந்துசேரும் என்ற எதிர்பார்ப்பு இருந்தால்தான் அந்தச் சொல் வாயில் வரும். தரகர் சொல்லும் ‘பசையான இடம்’ மாப்பிள்ளை வீட்டுக் காதில் விழுவதற்காகச் சொல்வது. ‘பசையான இலாகா’ என்பதிலும் துறைக்கு ஒதுக்கிய நிதி எவ்வளவு என்பது பேச்சில்லை, அங்கே உட்கார்ந்தவருக்கு என்ன கிடைக்கும் என்பதே பேச்சு. ‘என்னிடம் பசை இருக்கிறது’ என்று எந்தப் பணக்காரனும் சொல்லிக்கொள்வதில்லை. தன்னைப் பற்றிச் சொல்லும்போது ‘பசை இல்லை’ என்று மட்டும்தான் வரும்.

நிலைமொழி:

அருமையாகச் சொன்னீர்கள் ஐயா. இது எனக்குத் தோன்றாத கோணம். ஒருவரிடம் இருப்பது மற்றவருக்கு வந்துசேர வேண்டும் என்பது பசையின் பொருளிலேயே இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் மனசின் பசையும் அதுதானே? உள்ளே எவ்வளவு இருந்தாலும் அடுத்தவர் மேல் படாவிட்டால் அதற்குப் பசை என்று பெயர் இல்லை.

சைவநெறி:

மற்றொரு பக்கத்தையும் பேச வேண்டும். திருத்தமாக வந்த பாசமும் கட்டும் பொருள்தான். வடமொழியில் பாசம் என்றால் கயிறு, சுருக்கு. யமன் கையில் இருப்பது அதுவே. பாசக்கயிறு என்று நாம் கயிற்றை இரண்டு தடவை சொல்கிறோம். சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் என்ற மூன்றில், உயிரைக் கட்டி வைத்திருப்பது பாசம். ஆணவம், கன்மம், மாயை என்று அதை விரிப்பார்கள். “பாசமாம் பற்றறுத்துப் பாரிக்கும் ஆரியனே” என்று சிவபுராணத்தில் ஓதுகிறோம். அறுக்கப்பட வேண்டியது என்று மணிவாசகர் சொன்ன அதே பாசம்தான் இன்று தாய்ப்பாசம், தங்கைப்பாசம் என்று உயர்ந்த சொல்லாக நிற்கிறது.

ஆகவே இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாக வைக்கக்கூடிய சொற்கள் அல்ல. கயிறு ஒருவனை ஒருவனோடு கட்டும். யாரோடு கட்டியிருக்கிறது என்று கேட்டால் பதில் இருக்கும்: மகனோடு, வீட்டோடு, ஊரோடு. பசைக்கு அப்படி ஒரு குறிப்பிட்ட ஆள் வேண்டியதில்லை.

குறிஞ்சிமலர்:

நேயம் என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்நேகம் என்றால் வடமொழியில் எண்ணெய்ப்பிசுக்கும் அன்பும் இரண்டும்தான். ஆயுர்வேதத்தில் எண்ணெய், நெய் கொடுத்துச் செய்யும் சிகிச்சைக்கு ஸ்நேகனம் என்று பெயர். அன்பை ஈரமாகவும் நெய்யாகவும் பார்ப்பது பரவலான பழக்கமாகத்தான் இருந்திருக்கிறது.

மெய்ப்புமேசை:

எல்லாருக்கும் நன்றி. இன்று காலை எழுத்தாளரிடமே தொலைபேசியில் கேட்டுவிட்டேன். சைவநெறி ஐயா எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டவில்லை, முதலில் கேள்வியைத்தான் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

“பாசம்னு போட்டா கதை கெட்டுப்போகும்மா. அவளுக்குப் பாசம் நெறைய உண்டு. மகன் சாப்பிடாம இவ சாப்பிட மாட்டா. ஆனா வாசல்ல வந்து நிக்கிறவனுக்கு ஒரு செம்பு தண்ணி குடுக்க அவளுக்கு மனசு வராது. அதைத்தான் அந்தப் பிள்ள சொல்லுது.”

கதையைத் திரும்பப் படித்தேன். உண்மைதான். முந்தின பக்கத்திலேயே அந்த மதினி மகனுக்காகக் கோயிலில் அங்கப்பிரதட்சிணம் செய்கிறாள். பாசம் இல்லாதவள் என்று அடுத்த பக்கத்தில் அச்சடித்தால் கதையே தன்னோடு முரண்படும்.

தறிவீடு:

எங்கள் அப்பா இருந்தால் அந்த எழுத்தாளர் கையைப் பிடித்திருப்பார்.

தலையங்கம்:

கதைக்குள் அந்த வேறுபாடு இருக்கிறது என்றால் திருத்தம் நிற்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாசகன் பற்றிய என் கவலை அப்படியே இருக்கிறது. இருபது வயதில் இந்தக் கதையைப் படிப்பவர் ‘பசை இல்லாதவ’ என்பதை ‘காசில்லாதவ’ என்று படிக்க வாய்ப்பு உண்டு. ஓர் அடிக்குறிப்பு போடலாமே?

சைவநெறி:

‘மனசுல’ என்ற சொல் முன்னால் இருக்கிறதே ஐயா. மனசில் யாரும் காசு வைப்பதில்லை. அந்த ஒரு சொல்லே வாசகனுக்கு வழிகாட்டும்.

பலகைப்படம்:

கதைக்கு அடிக்குறிப்பு வேண்டாம் என்பது என் வோட்டு. ஒருத்தி கோபமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஓர் எண்ணைப் போட்டுக் கீழே பார்க்கச் சொன்னால் பேச்சு அறுந்துபோகும். வேண்டுமானால் புத்தகக் கடைசியில் வட்டாரச் சொற்கள் என்று ஒரு பக்கம் போட்டு அதில் சேருங்கள்.

வல்லைவெளி:

நானும் அதுதான் சொல்லுறன். அந்தப் பக்கத்தில பசைக்கு என்ன எழுதப்போறியள் எண்டு இங்க போடுங்கோ, பாப்பம்.

மெய்ப்புமேசை:

கடைசிப் பக்கம் சரியான யோசனை. ஏற்கெனவே மதினி, அகப்பை, தொழுவம் எல்லாம் அங்கே இருக்கின்றன. இப்படி எழுதியிருக்கிறேன்: ‘பசை – ஈரம், மனத்தின் இளக்கம், பிறர்மேல் கசியும் அன்பு.’ ஒட்டும் பொருளையும் பணத்தையும் எழுதவில்லை, அவை எல்லாருக்கும் தெரியும்.

நிலைமொழி:

‘கசியும்’ என்பதை வைத்திருங்கள், யார் சொன்னாலும் மாற்றாதீர்கள். ‘பிறர்மேல்’ என்பதை மட்டும் ‘யார்மேலும்’ என்று ஆக்கலாமா என்று பாருங்கள். மகன் இவளுக்குப் பிறர் இல்லை, வாசலில் நிற்பவன் பிறர். பசை உள்ளவளுக்கு இரண்டு பேரும் ஒன்று.

மெய்ப்புமேசை:

மாற்றிவிட்டேன் ஐயா. திருத்திய தம்பியும் இந்த உரையாடல் முழுவதையும் உட்கார்ந்து படித்தார். அவர் இப்போது கேட்பது வேறு: அதே கதையில் இன்னோர் இடத்தில் ‘பசையத்துப் போன மண்ணு’ என்று வருகிறது, அதையும் அந்தப் பக்கத்தில் சேர்க்கலாமா என்று. சேர்க்கச் சொல்லிவிட்டேன். நாளை பக்கங்கள் அச்சுக்குப் போகின்றன.